அப்பாயி ரெட்

எங்கள் ஊரில் உதடு சிவந்த பெண்கள் இரண்டு வகை. வெற்றிலை போட்டவர்கள் ஒரு வகை, கெட்டுப்போனவர்கள் மறு வகை. முதல் வகைக்கு என் அப்பாயிதான் தலைவி. இரண்டாம் வகையில் ஊருக்குள் ஒருவரும் இல்லை. சினிமா போஸ்டர்களில் மட்டும் இருந்தார்கள். அவர்களையும் ஒட்டிய மறுநாளே பசை ருசிக்காக மாடுகள் தின்றுவிடும்.

பாபநாசம் வட்டாரம், ராஜகிரி, பண்டாரவாடைப் பக்கம். அகத்தியை நட்டு அதில் கொடியை ஏற்றிவிட்ட கொடிக்கால்கள் நிறைந்த பூமி. வெளியூரில் கும்பகோணம் வெற்றிலை என்று விற்பதில் பெரும்பகுதி எங்கள் பக்கத்து இலைதான். 2025இல் அதற்குப் புவிசார் குறியீடு கிடைத்தது. அதைக் கேட்க அப்பாயி இல்லை. இருந்திருந்தால், "வெத்தலைக்கு எதுக்கு காயிதம்?" என்று கேட்டுவிட்டு அடுத்த இலைக்குக் காம்பு கிள்ளப் போயிருப்பாள்.

வெற்றிலை போடுவதை அவள் பொழுதுபோக்காகச் செய்து நான் பார்த்ததில்லை. அது ஒரு வேலை. காம்பும் நுனியும் கிள்ளி, முதுகு நரம்பை உரித்து, முந்தானையில் ஒரு துடைப்புத் துடைத்து, விரல் நுனியால் சுண்ணாம்பு தடவுவாள். சிவப்பு இலையிலிருந்து வருவதில்லை. பாக்கிலுள்ள துவர்ப்பு, சுண்ணாம்பின் காரத்தில் நிறம் மாறுகிறது. எச்சில் அதைக் கரைத்து உதடு வரை கொண்டுவருகிறது. சுண்ணாம்பு கூடினால் வாய் வெந்துபோகும். குறைந்தால் மணிக்கணக்கில் மென்றாலும் பச்சைத் தண்ணீர்தான். கொஞ்சம் காசுக்கட்டி வைத்தால் சிவப்பு கெட்டிப்படும். இந்த அளவுகளையெல்லாம் அப்பாயிக்கு விரல் சொல்லும். பள்ளிக்கூடப் படியை மிதிக்காதவள், அமிலம் காரம் என்று எங்களுக்கு எட்டாம் வகுப்பில் சொல்லிக்கொடுத்ததை அன்றாடம் நான்கைந்து வேளை வாய்க்குள் செய்து பார்த்துக்கொண்டிருந்தாள்.

மென்று முடித்ததும் வெற்றிலைப் பெட்டியின் பித்தளை மூடியைத் திருப்பி அதில் முகம் பார்ப்பாள். கடைவாயில் வழிந்ததை முந்தானையால் ஒற்றி எடுப்பாள். நடு உதட்டில் இருப்பதைத் தொடமாட்டாள். மேல் உதட்டையும் கீழ் உதட்டையும் ஒருமுறை சேர்த்து அழுத்தி நிறத்தைச் சமன் செய்வாள். இன்று கண்ணாடி முன் நிற்கும் எந்தப் பெண்ணும் செய்வது இதைத்தான். ஆனால் அப்பாயியிடம் கேட்டால் அது அலங்காரமே இல்லை. ஜீரணம்.

வாய் சிவந்தால் புருஷனுக்கு ஆசை அதிகம் என்று ஒரு கணக்கு வேறு இருந்தது. மருதாணிக்கும் இதே கணக்குதான். அந்தக் காலத்தில் புருஷனின் ஆசையை அளக்க வேறு கருவி எதுவும் ஊரில் புழக்கத்துக்கு வரவில்லை. அம்மா புதுப்பெண்ணாக வந்த நாட்களில், நாலு பேர் எதிரே வாய் சிவக்க வேண்டுமே என்ற பயத்தில் சுண்ணாம்பை அள்ளித் தடவி நாக்கு வெந்து இரண்டு நாள் மோர்சாதமே கதியாக இருந்தாளாம். அப்பாவின் ஆசை எப்படியோ நிரூபணமாகிவிட்டது.

எங்களைப் போன்ற சிறுமிகளுக்கு மட்டும் தடை. சின்னப்பிள்ளைகள் வெற்றிலை போட்டால் மாடு முட்டும். எந்த மாடு, ஏன் முட்டும், வெற்றிலை போட்டது மாட்டுக்கு எப்படித் தெரியும் என்றெல்லாம் கேட்கக் கூடாது. கல்யாணப் பந்தியில் பெரியவர்கள் கண்ணை மறைத்து ஒரு பீடாவை வாயில் போட்டுக்கொண்டு, கொட்டில் பக்கமே போகாமல் சுற்றுவழியில் வீடு திரும்பிய பெண்கள் எங்கள் தெருவில் ஏராளம்.

ஆகவே சிவப்புக்கு வேறு வழி பார்த்தோம். ஜவ்வு மிட்டாய் இருந்தது. மூங்கில் கழியில் பொம்மையோடு வருகிறவர் கையில் கடிகாரமாகவும் தேளாகவும் சுற்றிவிடும் ரோஸ் மிட்டாயில், பாதியைத் தின்று பாதியை உதட்டில் தேய்த்துக்கொள்வோம். சேமியா ஐஸ் வெள்ளையாக இருக்கும், அதனால் பிரயோஜனமில்லை. கலர் ஐஸ்தான் வாங்க வேண்டும். சாம்பாருக்கு நறுக்கும் பீட்ரூட்டில் ஒரு வில்லை தேறும். ஆனால் எல்லாவற்றையும் விட உத்தமமானது கிரேப் பேப்பர். பள்ளிக்கூட விழாவுக்குத் தோரணம் கட்டியது போக மிஞ்சும் சிவப்புத் துண்டை எச்சில் தொட்டு உதட்டில் அழுத்தினால் பற்றிக்கொள்ளும். கசக்கும். வியர்த்தால் மோவாய் வரை இறங்கும். தாளுக்குப் போடும் சாயம் மனுஷர் வாய்க்குப் போகலாமா என்று கேட்க அன்று ஒருவரும் இல்லை. கேட்டிருந்தாலும் நாங்கள் நிறுத்தியிருக்க மாட்டோம்.

ஆண்டுவிழா நாடகத்தில் எனக்கு சகுந்தலையின் தோழி வேஷம். டீச்சர் ஒரு தட்டில் குங்குமத்தைக் கொட்டித் தேங்காய் எண்ணெய் விட்டுக் குழைத்து, தீக்குச்சியில் பஞ்சு சுற்றி வரிசையாக எல்லோருக்கும் தீட்டிவிட்டார். துஷ்யந்தனுக்கும்தான், அவனும் பெண்பிள்ளைதானே. பிறகு ஒரு கட்டளை போட்டார்: "வாயை ஒட்டாதீங்கடி, கலர் போயிடும்." உதடு ஒட்டாமல் தமிழ் பேசுவது எவ்வளவு கஷ்டம் என்பது ப, ம வரும் ஒவ்வொரு வசனத்திலும் தெரிந்தது. துஷ்யந்தன் கடைசி வரை தன் மோதிரத்தை "ஓதிரம்" என்றே கேட்டான். போட்டோவும் எடுத்தார்கள். கறுப்பு வெள்ளை. அத்தனை பேர் உதடும் சாம்பல் நிறத்தில் இருக்கிறது.

விழா முடிந்து வீட்டுக்குள் நுழைவதற்கு முன் கொல்லைக் கிணற்றடியில் உதட்டைத் தேய்த்துக் கழுவியாக வேண்டும். மேடையில் போட்டால் கலை, தெருவில் போட்டால் திமிர். நடுவே இருந்த எல்லைக்கோடு எங்கள் கிணற்றடி வழியாகப் போனது.

இந்தக் கிணற்றடிக்கு வெகுதூரத்தில் லிப்ஸ்டிக் ஒரு தேசியக் கடமையாக இருந்திருக்கிறது என்பது பின்னால் படித்துத் தெரிந்துகொண்டது. வெளிநாட்டு அழகுச் சாமான்களுக்காக அந்நியச் செலாவணி கரைகிறதே என்று நேருவின் அரசு கவலைப்பட, ஜே.ஆர்.டி. டாடா 1952இல் லேக்மேயைத் தொடங்கினார். பிரெஞ்சுக் கூட்டு, பெயரும் தெலிப் என்பவர் இசையமைத்த பிரெஞ்சு ஆப்பெராவின் நாயகி பெயர். அந்த நாயகி நம் லட்சுமிதான். நாட்டின் கஜானாவைக் காப்பாற்றப் பிறந்த அந்த லட்சுமி 1998இல் இந்துஸ்தான் லீவர் வீட்டுக்குப் போய்விட்டாள். எங்கள் வீட்டு வாசல்படி வரை மட்டும் அவள் வரவே இல்லை.

வந்தது வேறொன்று. எண்பதுகளின் தொடக்கம், நான் கல்லூரியில் படித்துக்கொண்டிருந்தேன். எங்கள் பக்கத்தில் வளைகுடா போகாத தெரு கிடையாது. கூத்தாநல்லூர், அதிராம்பட்டினம் வீடுகளில் பெட்டி பிரிக்கும் நாள் ஒரு பண்டிகை. அப்படிப் பிரிந்த ஒரு பெட்டியிலிருந்து, செண்ட்டுக்கும் டார்ச் லைட்டுக்கும் இடையே அகப்பட்ட ஒரு குச்சி, சிநேகிதி மூலமாக என் கைக்கு வந்தது. பச்சைக் குச்சி. நல்ல கிளிப்பச்சை. தடவினால் சற்று நேரத்தில் உதடு ரோஜா நிறமாகும், மத்தியானச் சாப்பாட்டுக்கும் அசையாது. மந்திரம் ஒன்றும் இல்லை: மேலுக்குப் பச்சைச் சாயம், உள்ளே ஈயோசின் வகைச் சாயம். உதட்டுத் தோலோடு சேர்ந்ததும்தான் இரண்டாவது தன் நிறத்தைக் காட்டும்.

பச்சையாக இருந்ததால் அப்பாயி அதை லிப்ஸ்டிக் என்றே அடையாளம் காணவில்லை. தைலக் குச்சி என்று நினைத்து என் மேசைமேல் எடுத்து ஒழுங்காக வைத்துவிட்டுப் போனாள். அன்று சாயங்காலம் என்னை உற்றுப் பார்த்தாள்.

"வெத்தலை போட்டியா?"

"ஆமா அப்பாயி."

"எம்மாஞ்செவப்பு பாரு. நல்ல புருஷன் வருவான்."

மாடு முட்டும் வயதை நான் தாண்டிவிட்டேன் என்பது அன்றைக்குத்தான் உறுதியானது. அந்தப் பச்சைக் குச்சி தீரும்வரை வீட்டில் எனக்கு வெற்றிலைப் பழக்கம் என்றே பேர் இருந்தது. கெட்ட பழக்கமாக யாரும் அதைச் சொல்லவில்லை.

நிறத்தை விட்டுவிட்டு உதட்டை மட்டும் பார்த்தால், அதற்கு வைத்தியம் வீட்டிலேயே கிடந்தது. மார்கழிப் பனியில் விடியற்காலைக் கோலம் போட்டுவிட்டு வந்தால் உதடு வெடித்து, சிரித்தால் ரத்தம் எட்டிப் பார்க்கும். வெண்ணெய், நெய், பாலாடை, எது கைக்கு அகப்படுகிறதோ அதைத் தடவுவாள் அம்மா. ராத்திரி தொப்புளில் ஒரு சொட்டு நல்லெண்ணெய் விட்டால் காலையில் உதடு சரியாகும் என்பது அப்பாயியின் கட்சி. தொப்புளுக்கும் உதட்டுக்கும் உள்ளே குழாய் எதுவும் ஓடவில்லை, ஆனால் அந்த எண்ணெய்க் கையாலேயே உதட்டையும் ஒரு தடவு தடவிவிட்டுத்தான் படுப்போம், ஆகவே பலித்தது. உதட்டை நக்காதே என்று ஓயாமல் சொல்லுவார்கள். அது முழுக்க நியாயமான பேச்சு. உடம்பின் மற்றத் தோலைப் போல உதட்டுக்குத் தனக்கென்று எண்ணெய்ச் சுரப்பி கிடையாது, மேல்தோலும் மெல்லியது. நக்கினால் எச்சில் ஆவியாகும்போது இருந்த ஈரத்தையும் இழுத்துக்கொண்டு போகும். சோற்றைச் செரிக்க வைத்திருக்கும் சரக்கு தோலிலும் தன் வேலையைக் காட்டும். மேலே ஒரு கொழுப்புப் பூச்சுப் பூசி ஈரத்தை உள்ளேயே மூடி வைப்பதுதான் வைத்தியம். நெய் அதைச் செய்தது. ஆனால் எறும்பையும் அழைத்தது, தோசை வாசனையும் அடித்தது.

இப்போது யாழினிக்கு வருகிறேன். அண்ணன் மகள். சென்னையில் மென்பொருள் வேலை, வேளச்சேரியில் வீடு. அவள் மேசை இழுப்பறையைத் திறந்தால் இல்லாத சிவப்பு இல்லை. செங்கல், மாதுளை, காய்ந்த ரத்தம், கொதித்த இறால் என்று எனக்குத் தோன்றிய பெயர்களைச் சொன்னேன். எல்லாவற்றுக்கும் பிரெஞ்சில் வேறு பெயர் இருந்தது. யாரும் அவளைக் கிணற்றடிக்கு அனுப்பவில்லை. மாமியாராக வரப்போகிறவரே அவளிடம் ஒன்று கேட்டு வாங்கிக்கொண்டார். இப்படி எல்லாச் சுதந்திரமும் கைக்கு வந்த பிறகு, ஒரு சனிக்கிழமை காலை, அத்தனையும் ரசாயனம் என்று இழுப்பறையை மூடிவிட்டு அடுப்படிக்குள் நுழைந்தாள். அவளுக்கு அடுப்படிக்கு வழி தெரியும் என்பதே அன்றைக்குத்தான் வீட்டுக்குத் தெரியும்.

சாமான்கள் கூரியரில் வந்து இறங்கின. மார்த்தாண்டத்திலிருந்து தேன்மெழுகு. கானாவிலிருந்து ஷியா பட்டர். மரச்செக்குத் தேங்காய் எண்ணெய். சொட்டு விடும் குழாய் வைத்த, மருந்துபோல் பழுப்பு நிறக் கண்ணாடிப் புட்டியில் "கோல்ட் பிரஸ்டு கேஸ்டர் ஆயில்". மூடியைத் திறந்து மோந்து பார்த்ததும் எனக்கு வயிற்றைப் பிசைந்தது. விளக்கெண்ணெய்! மாதம் ஒருமுறை ஞாயிற்றுக்கிழமைக் காலையில் அப்பாயி காப்பித் தம்ளரோடு துரத்த, வைக்கோல்போருக்குப் பின்னால் போய் ஒளிந்துகொள்ள வைத்த அதே வஸ்து. மூக்கைப் பிடித்து வாய்க்குள் ஊற்றியபோது எங்களுக்குத் தெரியாது, உலகத்து லிப்ஸ்டிக்குகளில் வெகுகாலமாக முக்கியச் சரக்கே அதுதான் என்று. பிசுபிசுவென்று கனமாக இருப்பதால் நிறப்பொடியைத் தாங்கிப் பிடிக்கும், உதட்டில் பளபளப்பும் நிற்கும். அந்த எண்ணெயை உலகத்திலேயே அதிகமாக விளைவிப்பதும் நம் நாடுதான், குஜராத் பக்கம். நாங்கள் உள்ளுக்குக் குடித்ததை அவர்கள் வெளியே பூசிக்கொண்டார்கள்.

ஷியா பட்டரைப் பற்றியும் எனக்கு ஒரு வழக்கு உண்டு. அது மேற்கு ஆப்பிரிக்காவின் மரக்கொட்டையிலிருந்து பெண்கள் இடித்து, வறுத்து, கடைந்து எடுக்கும் கொழுப்பு. அந்த மரமும் நம் இலுப்பையும் ஒரே குடும்பம். இலுப்பெண்ணெயும் குளிர்ந்தால் வெண்ணெயாக உறையும், அதுவும் தோலுக்கு நல்லதுதான். எங்கள் பக்கக் கோயில் விளக்குகளெல்லாம் ஒருகாலத்தில் அதில் எரிந்தன. ஆலையில்லாத ஊருக்கு இலுப்பைப்பூ சர்க்கரை என்றார்கள்; இலுப்பையுள்ள ஊருக்குக் கானாவிலிருந்து கூரியர் வருகிறது. இதை யாழினியிடம் பெருமையாக எடுத்துச் சொல்லி, ஒரு சின்னப் புட்டி இலுப்பெண்ணெயும் தேடி வாங்கி வந்தேன். அவள் மோந்து பார்த்தாள். நானும் பார்த்தேன். சுவாமிக்கு மட்டும்தான் அந்த வாசனை பழக்கம். ஷியா பட்டரே இருக்கட்டும் என்று இருவரும் ஏகமனதாக முடிவெடுத்தோம்.

செய்முறை பெரிய வித்தையில்லை. ஒரு பங்கு மெழுகு, இரண்டு பங்கு ஷியா வெண்ணெய், இரண்டு பங்கு எண்ணெய், எல்லாம் எடைக்கணக்கு. தண்ணீர் கொதிக்கும் பாத்திரத்தின் மேல் கண்ணாடிக் கிண்ணம் வைத்து அதில் உருக்க வேண்டும், நேரடி அடுப்பில் வைத்தால் கருகும். தேன்மெழுகு உருக 62 முதல் 65 டிகிரி வேண்டும். தேங்காய் எண்ணெய்க்கு 25 டிகிரியே போதும், சென்னையில் அது வருஷத்தில் பெரும்பகுதி உருகித்தான் கிடக்கிறது. அதனால் குளிர்நாட்டுக்காரர்கள் எழுதிவைத்த அளவில் செய்தால் மே மாதம் கைப்பையில் டப்பா திறந்ததும் கஷாயம். மெழுகைக் கூட்டிக் கூட்டிப் பார்த்து, கடைசியில் வேளச்சேரி வெயிலுக்கு ஒன்றரைப் பங்கு என்று கண்டுபிடித்தாள். அப்பாயி சுண்ணாம்புக்கு விரலை நம்பினாள், இவள் எலக்ட்ரானிக் தராசை நம்புகிறாள். ஆனால் நாக்கைக் கடித்துக்கொண்டு குனியும்போது இருவர் முகமும் ஒன்றுதான்.

நிறத்தில்தான் பிடிபட்டாள். இயற்கைச் சிவப்பு என்றதும் எல்லோர் கையும் பீட்ரூட்டுக்குத்தான் போகிறது. பீட்ரூட் பொடியைப் போட்டுக் கலக்கினாள். கிண்ணத்தில் பார்க்கும்போது கல்யாணச் சிவப்பு. ஆறியதும் பார்த்தால் மேலே வெள்ளை பாம், அடியில் மணல்மணலாகச் செம்மண். பீட்ரூட்டின் நிறம் தண்ணீரில்தான் கரையும். எண்ணெயை ஏறெடுத்தும் பார்க்காது. சரி, சாறாகவே பிழிந்து ஊற்றுவோம் என்று அடுத்த வாரம் ஊற்றினாள். அது முத்து முத்தாகப் பிரிந்து நின்றது, சூட்டில் நிறமும் பழுப்படித்தது, ஈரம் புகுந்ததால் சில நாளில் பூசணமும் பூத்தது. இயற்கை என்பதற்கு அதைவிடச் சான்று வேறு வேண்டியதில்லை.

எனக்கு அப்போது அப்பாயியின் தலையணை உறைகள் ஞாபகம் வந்தன. எல்லா உறையிலும் நடுவில் செம்பு நிறத்தில் ஒரு வட்டம். அவள் கூந்தல் எண்ணெயில் வேம்பாளம்பட்டை ஊறும். நாட்டு மருந்துக் கடையில் கறுஞ்சிவப்பாகச் சுருள்சுருளாகக் கிடைக்கும் பட்டை, தண்ணீரில் போட்டால் ஒன்றும் காட்டாது, எண்ணெயில் போட்டால் மட்டும் நிறத்தை இறக்கிவிடும். மயிலாப்பூரில் ஒரு கடையில் ஐம்பது கிராம் வாங்கிவந்து கொடுத்தேன். தேங்காய் எண்ணெயில் போட்டு இளஞ்சூடு காட்டினாள். கிண்ணம் மாணிக்கமானது. வடிகட்டி மெழுகு சேர்த்து ஆற வைத்ததும் அடியில் தங்கவில்லை, பிரியவில்லை. உதட்டில் தடவினால் அடர்ச் சிவப்பெல்லாம் வராது. வெற்றிலை போட்டு ஒரு மணி நேரம் ஆன உதடு எப்படியிருக்குமோ அப்படி ஒரு சாயல்.

"அத்தை, இதுதான். இதேதான் வேணும். போட்ட மாதிரியே தெரியக் கூடாது, ஆனா செவப்பா இருக்கணும்."

நாற்பது வருஷத்துக்கு முன்னால் எனக்கும் இதேதான் வேண்டியிருந்தது என்றேன். நான் வீட்டாருக்குப் பயந்து அப்படிக் கேட்டேன். இவளுக்கு யாரிடம் பயம் என்று யோசித்துப் பார்த்தேன், பிடிபடவில்லை. மூன்று விளக்கு வைத்து, ஜன்னல் திரையை விலக்கி, ஒன்றும் போடாதது போன்ற உதட்டை அவள் படம் எடுத்த நேரத்தில் நான் சமையலே முடித்துவிட்டேன்.

தலையில் தலைமுறையாகத் தடவியதாலேயே ஒன்று உதட்டுக்கு ஆகும் என்று சொல்லிவிட முடியாது என்பதையும் அவளிடம் சொன்னேன். உதட்டில் பூசுவது கொஞ்சமாவது வயிற்றுக்குப் போகும். முழங்கை மடிப்பில் தடவி ஒரு நாள் பார்த்த பிறகே உதட்டுக்குக் கொண்டுபோனாள். இலவங்கப்பட்டைப் பொடியும் எலுமிச்சைச் சாறும் விட்டு உதட்டைச் சிவப்பாக்கும் குறிப்பு ஒன்றையும் படித்து வைத்திருந்தாள். அந்தச் சிவப்பு நிறமல்ல, எரிச்சல் என்று தடுத்தேன். நாட்டுச் சர்க்கரையும் தேனும் குழைத்து உதட்டைத் தேய்ப்பதற்கு மட்டும் ஒன்றும் சொல்லவில்லை. ரேஷன் சர்க்கரையை எண்ணி எண்ணிப் போட்ட வீட்டில் வளர்ந்தவளுக்கு அதைப் பார்க்கச் சகிக்கவில்லை என்பது என் சொந்தப் பிரச்சினை.

பழையது என்றாலே நல்லது என்று பேச எனக்கு வாய் வராது. அன்றைய நிறங்களில் பலவும் அசல் இயற்கைதான். சாதிலிங்கம் இயற்கை, அதில் பாதரசம். கூத்துக்காரர்கள் பூசிய அரிதாரம் இயற்கை, அதில் பாஷாணம். செந்தூரத்தில் ஈயம். அப்பாயியின் வெற்றிலைப் பெட்டியை நினைத்து உருகும்போதெல்லாம் இன்னொன்றும் கூடவே வந்து நிற்கிறது. புகையிலை சேர்த்த வெற்றிலையைப் புற்றுநோய்க் காரணி என்று உலக சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆய்வு அமைப்பு எண்பதுகளிலேயே சொன்னது; 2004இல் புகையிலை இல்லாத வெறும் பாக்கும் அப்படியே என்று அறிவித்தது. எங்கள் தெருவில் கன்னத்துப் புண் ஆறாமல் அடையாறு புற்றுநோய் மருத்துவமனைக்கு ரயிலேறிய கிழவிகள் இருந்தார்கள். திரும்பி வந்தவர்கள் குறைவு. அப்பாயி தப்பித்தாள், அவ்வளவுதான். வாய் சிவந்த அழகுக்கு அந்தக் கொடிக்கால் பூமி கொடுத்த விலையைப் பார்த்தால், கிரேப் பேப்பர் கூடச் சாதுவாகத் தெரிகிறது.

யாழினியின் டப்பாவுக்குப் பெயர் வைக்க வேண்டி வந்தது. அவள் ரொம்ப யோசிக்கவில்லை. "அப்பாயி ரெட்." கூடவே அட்டையில் ஒரு வாசகம்: எங்கள் கொள்ளுப்பாட்டியின் தலைமுறை ரகசியம். அதைப் படித்துவிட்டு நான் உள்ளே போய்த் தண்ணீர் குடித்துவிட்டு வந்தேன். உதடு விஷயத்தில் அப்பாயியிடம் இருந்தது ஒரே ரகசியம்தான்: சாயம் பூசினாயா என்று மோவாயைத் தூக்கிப் பார்த்து, கண்டுபிடித்தால் வைப்பாள் ஒன்று. அந்தக் கை இப்போது லேபிளில் வெற்றிலைக்குச் செல்லமாகச் சுண்ணாம்பு தடவிக்கொண்டிருந்தது, கோட்டோவியமாக.

அலுவலகச் சிநேகிதிகள் டப்பா 350 ரூபாய்க்குக் கேட்டார்கள். நான்தான் முட்டுக்கட்டை போட்டேன். விற்பதானால் உரிமம் வேண்டும். அழகுச் சாமான்களுக்கென்று 2020ஆம் ஆண்டு விதிகள் இருக்கின்றன, அடுப்படியில் உருக்கி டப்பாவில் ஊற்றி விலை வைத்துவிட முடியாது. எண்ணெய் சிக்குவாடை வந்துவிட்டால் யார் பதில் சொல்வது? யாழினி கொஞ்சம் முறைத்தாள். பிறகு சட்டத்தில் ஒரு வாசல் இருப்பதாக அவளே முடிவு கட்டிக்கொண்டாள். விற்றால்தானே உரிமம்? இனாமாகக் கொடுத்தால்? சௌகரியமாக அவளுக்கே கல்யாணமும் வந்து சேர்ந்தது.

கும்பகோணத்தில் மண்டபம். தாம்பூலப் பையில் தேங்காய், இரண்டு வெற்றிலை, ஒரு பாக்குப் பொட்டலம், கூடவே உருண்டையாக ஒரு தகர டப்பா. எல்லாவற்றையும் முதல் நாள் இரவு உட்கார்ந்து நாங்கள்தான் போட்டோம். சென்னையிலிருந்து வந்த பெண்கள் பையை வாங்கிய இடத்திலேயே டப்பாவைத் திறந்து பார்த்து, தடவி, ஒருவர் உதட்டை ஒருவர் படம் எடுத்துக்கொண்டார்கள். வெற்றிலையைப் பையிலேயே விட்டார்கள், தேங்காயைக் கனம் என்று யாரிடமாவது தள்ளினார்கள்.

அப்பாயியின் மூத்த மகள், என் பெரிய அத்தை, எண்பது தாண்டியவர், முன்வரிசையில் உட்கார்ந்திருந்தார். நாயனச் சத்தமும் ஏசிக் குளிரும் சேர்ந்து தலைவலி. பந்தி முடிந்து நான் போய்ப் பார்த்தபோது, நெற்றியில் இந்தப் பொட்டிலிருந்து அந்தப் பொட்டு வரை பளபளவென்று செம்பட்டை ஓடியது. மூக்குத் தண்டிலும் ஒரு கோடு. வைணவர்கள் யாரும் பார்த்தால் தங்கள் கட்சி என்று அழைத்துப் போயிருப்பார்கள். அப்போதுதான் மணக்கோலத்தில் யாழினி கும்பிட வந்தாள்.

"நல்லா இரு. ஏண்டி, பையில ஒரு தைலம் வச்சிருக்கியே, வாசனையாத்தான் இருக்கு. ஆனா காரமே இல்லை. எவ்வளவு தேச்சும் எரிய மாட்டேங்குது."

"ஐயோ, அத்தப்பாட்டி, அது தைலம் இல்ல. உதட்டுக்குப் போடுறது. செவப்பா இருக்கும்."

"உதட்டுக்கா?" அத்தை டப்பாவை மூடி, கண்ணாடியை ஏற்றி அட்டையிலிருந்த தன் அம்மாவின் கையை ஒருமுறை பார்த்தார். "அதுக்குத்தான் பையில வெத்தலை வச்சிருக்கியே. அப்புறம் இது எதுக்கு?"